'முட்புதர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள்

ஏரிக்கரை நடைபாதைப் பணிக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

மதகு ஓரம் நீங்கள் நட்டிருக்கும் பலகையை நேற்றுக் காலையும் நின்று படித்தேன். 'முட்புதர் அகற்றுதல், கரையைச் சமப்படுத்துதல், இயற்கை நடைபாதை அமைத்தல்' என்று மூன்று வேலைகள் போட்டிருக்கிறது. மதகுக்கு வடக்கே, ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிகிற கலங்கல் வரைக்கும் முதல் இரண்டும் முடிந்து, மூன்றாவதும் பாதி முடிந்துவிட்டது. இப்போது மதகுக்குத் தெற்கே சுண்ணாம்புக் கோடு விழுந்திருக்கிறது. பொங்கல் கழித்து ஜேசிபி வரும் என்று மேஸ்திரி சொன்னார். அது வருவதற்குள் உங்களிடம் பேசியாக வேண்டும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு, 'பணி மதிப்பீட்டின்படி நடைபெறுகிறது' என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

எந்த ஏரி என்று உங்களுக்குத் தெரியும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இப்படி எத்தனையோ ஏரிகள். படிக்கிற மற்றவர்கள் அவரவர் ஊர் ஏரியை வைத்துக்கொள்ளட்டும்.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. முப்பது வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தியவன். சர்க்கரை ஏறியதும் டாக்டர் நடக்கச் சொன்னார், ஏரிக்கரைக்கு வந்தேன். முதல் இரண்டு வருடம் காதில் பாட்டு, கையில் நேரம் பார்க்கும் போன், விறுவிறுவென்று போய்விட்டு வந்துவிடுவேன். கரையில் என்ன இருக்கிறது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் 'ஏதோ புதர்' என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் பலகையில் அதே சொல்லைப் பார்த்தபோது கோபத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வெட்கம்.

அப்புறம் முழங்கால் போனது. வேகமாக நடக்க முடியாமல் போனதால் பார்க்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். முதலில் நான் பார்த்த செடிகூட அதுவாக என்னைப் பிடித்து நிறுத்தியதுதான். சட்டைக் கை ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கக் கிழிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் சிரித்துவிட்டு, "முன்னால இழுக்காத தம்பி, பின்னால வா. சூரை முள்ளு பின்னால வந்தாத்தான் விடும்" என்றார். வந்தேன், விட்டது. கொக்கி போல வளைந்த முள் அது. சிறு பட்டாணி அளவில் கறுப்புப் பழம் பிடிக்கும், புளிப்பும் இனிப்புமாக இருக்கும் என்று அதன் பிறகு தெரிந்தது. பழத்தையும் அவர்தான் கையில் வைத்தார்.

அன்றிலிருந்து அவர்தான் எனக்கு வாத்தியார். அவர் வாயில் 'புதர்' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. இது சங்கஞ்செடி, அது காரை, அந்தாண்டை இருப்பது நுணா, அதில் ஏறிக் கிடப்பது ஆதொண்டை, அதற்கும் மேலே கோவை. கோவைப்பழம் சிவந்தால் கிளி வரும். நுணாவின் கட்டையைச் சீவினால் உள்ளே மஞ்சள். இலேசான மரம் என்பதால் நுகத்தடிக்கு எடுப்பார்களாம். வேலிப்பருத்தியைக் கிள்ளினால் பால் வரும். காய் வெடித்தால் பஞ்சு கட்டிய விதை பறக்கும். முடக்கத்தான் காயை உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாக ஒரு சின்ன இதயம் வரைந்திருக்கும். தரையோடு தரையாகப் பொடுதலை. நீர் வற்றிய ஓரத்தில் ஊதாப் பூவோடு நீர்முள்ளி. மழைக்குப் பிறகு நெருஞ்சி. மஞ்சள் பூ முழுக்கச் சூரியனைப் பார்த்துத் திரும்பியிருக்கும். காலையில் போகும்போது ஒரு பக்கம், மாலையில் வந்தால் இன்னொரு பக்கம். நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அறுபதை நெருங்கும்போதுதான் அதைக் கவனித்தேன்.

கடையில் மிஞ்சிய ஒருபக்கத் தாள்களைத் தைத்து நோட்டு போட்டேன். பெயர், பூக்கும் மாதம், எந்த இடத்தில். நேற்று வரைக்கும் அதில் 61 பெயர்கள். அதில் 38 மதகுக்கு வடக்கே இருந்தவை. அவற்றில் இன்று அங்கே எத்தனை என்று போன வாரம் குனிந்து குனிந்து எண்ணினேன். ஒன்பது.

ஒரு செடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடுதீண்டாப்பாளை. சாம்பல் பூத்த பச்சை இலை, தரையில் படர்ந்து கிடக்கும், யார் கண்ணிலும் படாது. எது கிடைத்தாலும் மேயும் ஆட்டுக்கூட்டம் அதை மட்டும் தாண்டிப் போவதை ஆயா காட்டினார். "பேரிலேயே இருக்குல்ல?" என்றார். எங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க வரும் பிள்ளைகளில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், அதில் ஒரு புழுவைக் கண்டுபிடித்தாள். கருஞ்சிவப்பு உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, மேலெல்லாம் சிவப்பு முனை வைத்த குமிழ்கள். பாட்டிலில் போட்டு, தினமும் அந்த இலையையே பறித்துக் கொடுத்தாள். வேறு இலை வைத்துப் பார்த்தோம், தொடவில்லை. கூடு கட்டி, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கறுப்புச் சிறகும் சிவந்த உடம்புமாக ஒரு பட்டாம்பூச்சி வெளியே வந்தது. பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம்: அந்தச் செடியின் நஞ்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது, அதனால் பறவைகள் அந்தப் பட்டாம்பூச்சியைத் தொடுவதில்லை. ஆடு தீண்டாத செடியைத் தின்று பறவை தீண்டாத பூச்சி. அந்தச் செடி கலங்கலுக்குப் பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் இருந்தது. இப்போது அங்கே புல்தரை. கறுப்புச் சிறகுக்காரர்கள் கலங்கல் பக்கம் வருவதை அந்தப் பெண் நிறுத்தாமல் எதிர்பார்க்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. முதல் நாள் காலை நான் போனபோது ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எதை எடுக்கணும், எதை விடணும்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். "மொத்தமா வழிச்சு எடுக்கச் சொன்னாங்க சார்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த இயந்திரத்தின் கைக்குச் சூரையும் ஒன்று, சீமைக் கருவேலமும் ஒன்று.

அந்தப் பக்கம் சூரைக்குள்ளே இரண்டு காந்தள் கிழங்கு இருந்தது. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் என்று எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக நாளாக முழுச் சிவப்பாக மாறும் பூ. இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். எங்களோடு நடந்தவர்கள் நேரில் பார்த்தார்கள். உங்கள் கணக்கில் அதுவும் முட்புதர்தான். அதற்கு முள்ளே கிடையாது ஐயா.

சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது, அதைத்தான் செய்தோம் என்பீர்கள். சரி, அதைப் பார்ப்போம். நீங்கள் அதை வேரோடு எடுக்கவில்லை, தரைமட்டத்துக்கு வெட்டினீர்கள். ஐப்பசி மழை விழுந்து மூன்றே வாரத்தில் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் துளிர் வந்துவிட்டது. நெய்வேலிக் காட்டாமணக்கும் அப்படித்தான். (தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடிக்கு நம் மாவட்டத்து ஊர்ப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது.) ஒடிந்து விழுந்த துண்டெல்லாம் நீரோரத்தில் வேர்விட்டு இப்போது முன்பைவிடப் பரவலாக நிற்கிறது. போக வேண்டியவை இரண்டும் திரும்ப வந்துவிட்டன. வராமல் போனவை காரை, நுணா, ஆதொண்டை, காந்தள். செலவு செய்து எதை ஒழித்தீர்கள், எதை வளர்த்தீர்கள் என்று ஒருமுறை நேரில் வந்து பாருங்கள்.

கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏரிக்கரையில் பெரிய மரங்கள் வேர்விட்டால் கரை பலவீனமாகும் என்பது உங்கள் துறைப் பாடம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரைச் சரிவைப் பிடித்து வைத்திருந்தவை மரங்கள் இல்லை. கோரை, நாணல், அறுகு, பொடுதலை. அவற்றையும் வழித்துவிட்டுச் செம்மண்ணை மழைக்காலத் தொடக்கத்தில் வெறுமனே விட்டீர்கள். கார்த்திகை மழையில் வடக்குப் பகுதியில் முழங்கை ஆழத்துக்கு ஓடைகள் அறுத்திருக்கின்றன. படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதே மழையில் தெற்குச் சரிவில் ஒரு கீறல் இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் தலைக்கு மேலேயே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அன்றும் இந்த ஏரிக்கரைச் செடிகள் படுத்து எழுந்துகொண்டன. பனைகள் மட்டை கிழிந்து நின்றன.

பனை என்றதும் ஞாபகம் வருகிறது. வடக்கே இரண்டு மொட்டைப்பனை நின்றது, அவற்றையும் சாய்த்துவிட்டீர்கள். பட்டுப்போன மரம், விழுந்தால் ஆபத்து என்பது உங்கள் தரப்பு என்றால் புரிகிறது. ஆனால் அதில் ஒன்றின் பொந்தில் வருடா வருடம் பனங்காடை குஞ்சு பொரித்தது. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாக இருக்கும் பறவை, பறக்கும்போது சிறகு முழுக்க நீலமாக விரியும். அதைப் பார்ப்பதற்காகவே முழங்கால் வலியோடு நின்றிருக்கிறேன். அந்தப் பனை நின்ற இடத்தில் இப்போது இரண்டு சிமெண்ட் கொக்குகள் நிற்கின்றன. ஒற்றைக் காலில். பத்தடி தள்ளி நிஜக் கொக்கு மேய்கிற ஏரியில் சிமெண்ட் கொக்கு எதற்கு என்பதை யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

புல்தரைக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. இரும்புக் கூண்டுக்குள் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் கோனோகார்பஸ், அரசே நடக் கூடாது என்று சொல்லிவிட்ட செடி. இதற்கெல்லாம் பெயர் இயற்கை நடைபாதை.

என் வீட்டிலேயே எல்லோரும் என் பக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி உங்கள் கட்சி. முன்பெல்லாம் பாம்புக்குப் பயந்து வர மாட்டார். இப்போது தோழிகளோடு தினமும் வருகிறார், விளக்கு இருக்கிறது, உட்கார பெஞ்சு இருக்கிறது. பெண்கள் பயமில்லாமல் நடக்க ஓர் இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. கரை உச்சியில் ஆறடிப் பாதை போடுவதற்கு, சரிவில் தண்ணீர் வரைக்கும் வழித்தெடுக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம். இதைச் சொன்னால் மனைவியே "அது சரிதான்" என்கிறார்.

நாம் எந்த மண்ணில் இருக்கிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள். பாதிரி மரத்தால் பெயர் பெற்றது திருப்பாதிரிப்புலியூர். தில்லை மரத்தால் சிதம்பரம் தில்லையானது. அந்த மரம் இன்னும் பிச்சாவரத்தில் நிற்கிறது. நெல்லிக்குப்பத்தில் நெல்லி, தாழங்குடாவில் தாழை. ஊருக்குப் பெயர் வைக்கும்போது சுற்றியிருந்த செடியைப் பார்த்து வைத்தவர்கள் நம் முன்னோர். இந்தக் கரையோரக் காடு தனி ரகம். கோடையிலும் இலை உதிர்க்காத குட்டை மரங்களும் புதர்களும் கொடிகளுமாகச் சேர்ந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்று சொல்கிறார்கள். உலக்கைப் பாலை, காயா, வீரை, குருந்து எல்லாம் இதைச் சேர்ந்தவை. நம் பக்கம் அது பெரும்பாலும் ஐயனார் கோயில் காடுகளில்தான் மிச்சம். எங்கள் ஏரிக்கரை கோயில் காடு இல்லை, ஆனால் அந்தக் கூட்டத்துச் செடிகளில் சில இங்கே ஒதுங்கியிருந்தன.

புதுச்சேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற திருவக்கரைக்குப் போயிருப்பீர்கள். கடலூர் மணற்கல் என்று நம் ஊர்ப் பெயரிலேயே அழைக்கப்படும் பாறைக்குள், சுமார் இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. தேசியப் புவியியல் சின்னம் என்று வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். செத்துக் கல்லான மரத்துக்குச் செய்கிற மரியாதையில் பாதியாவது உயிரோடு இருக்கிற காரைக்கும் சூரைக்கும் கேட்டால் அதிகமா?

ஆயா இப்போது வருவதில்லை. வடக்குப் பக்கக் கதவில் 'கால்நடைகளுக்கு அனுமதி இல்லை' என்று பலகை தொங்குகிறது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு பேருந்து போகிற ரோட்டைக் கடந்து அடுத்த ஊர் பக்கம் போகிறார். எழுபதுக்கு மேல் வயது. போன மாதம் டீக்கடையில் பார்த்தேன். "அங்க என்ன தம்பி இருக்குது, நான் வந்து பேர் சொல்ல?" என்றார். என் நோட்டில் இன்னும் பெயர் தெரியாமல் 'மஞ்சள் பூ, மதகுக்குப் பக்கம்' என்று எழுதி வைத்திருக்கும் செடிகள் நான்கு இருக்கின்றன.

இனி நாங்கள் கேட்பவை.

மதகுக்குத் தெற்கே வேலையை நிறுத்தி வையுங்கள். ரத்து செய்யச் சொல்லவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிப்பீட்டுத் தாளோடு நீங்களும் உங்கள் பொறியாளரும் எங்களோடு அந்த முக்கால் கிலோமீட்டர் தூரம் நடந்து வாருங்கள். ஒப்பந்தக்காரரும் வந்தால் நல்லது. எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று ரிப்பன் கட்டிக் காட்டுகிறோம். சந்தேகம் வந்தால், புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்தில் நம் பகுதிச் செடிகளை உலர்த்திப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம், அங்கே கேட்கலாம்.

மதிப்பீட்டில் 'முட்புதர் அகற்றுதல்' என்ற வரியை அடித்துவிட்டு, 'சீமைக் கருவேலம், நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவற்றை வேரோடு அகற்றுதல்' என்று எழுதுங்கள். அதை ஆட்களை வைத்துச் செய்யுங்கள். ஊரில் கடப்பாரையும் மண்வெட்டியும் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். துளிர்த்தால் மறுபடி வந்து எடுப்பதும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும். பாதை கரை உச்சியோடு நிற்கட்டும். இரண்டு பக்கச் சரிவும் அப்படியே இருக்கட்டும்.

வடக்கே கோனோகார்பஸ் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, புல்தரைக்கு லாரித் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். தெற்கிலிருந்து விதை எடுத்துத் தூவ நாங்கள் தயார், காசு வேண்டாம். கதவில் இருக்கும் கால்நடைப் பலகையைக் கழற்றி, மேய்ச்சலுக்கு நேரமோ இடமோ ஒதுக்குங்கள்.

அப்புறம், 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். எங்கள் ஊரின் பதிவேட்டைப் பார்வைக்கு வையுங்கள். எழுதவே இல்லை என்றால் என் ஜெராக்ஸ் தாள் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து தொடங்கலாம். பிரதி எடுக்கிற செலவு என்னுடையது.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எழுத்து மூலம் பதில் வேண்டும். 'மதிப்பீட்டின்படி' என்ற ஒரு வரி போதாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு மதகுக்குப் பக்கத்தில் நிற்போம், ஏழெட்டுப் பேர், பிள்ளைகளையும் சேர்த்து. வரும்போது கெட்டியான செருப்பாகப் போட்டு வாருங்கள். தெற்குப் பக்கம் நெருஞ்சி இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் காலையில் நடக்கும் ஜெராக்ஸ் கடைக்காரன்